அவிழ்க்கும் கணம்: எருது விடும் விழா குறித்துச் சில எண்ணங்கள்

தை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு நாளிதழ்களின் முதற்பக்கங்களை அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்னும் மூன்று ஊர்ப்பெயர்கள் நிறைத்துவிடுகின்றன. மதுரையைச் சுற்றி நிகழும் அவ்விழாக்களின் பெருமையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் அதே பனிக்காலத்தில் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிருஷ்ணகிரி, சூளகிரி, வேப்பனப்பள்ளி, ஓசூர் வட்டாரங்களில் ஊர்தோறும் நடைபெறும் எருது விடும் விழாவைப் பற்றி உள்பக்கத்தில் ஒரு பத்தி வந்தாலே பெரிது. யாரேனும் மாண்டாலோ, சாலை மறிக்கப்பட்டாலோதான் அது முன்பக்கம் ஏறுகிறது. அப்போதும் தலைப்பில் 'ஜல்லிக்கட்டு' என்று போட்டுவிடுகிறார்கள்.

இதைப் பத்திரிகைச் சோம்பல் என்று தள்ளிவிட இயலவில்லை. சட்டமும் இதையே செய்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய விலங்குவதைத் தடுப்புத் திருத்தச் சட்டம், ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களில், அரசு அறிவிக்கும் இடங்களில், மரபையும் பண்பாட்டையும் பின்பற்றிக் காளைகளைக் கொண்டு நடத்தப்படும் நிகழ்ச்சியை ஜல்லிக்கட்டு என்று வரையறுக்கிறது. மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகிய மூன்றையும் அச்சொல்லுக்குள்ளேயே அடக்கிக்கொள்கிறது. மெரினாவில் இளைஞர்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்த அந்த ஜனவரியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காப்பாற்றியாக வேண்டிய அவசரம் இருந்தது. அந்த அவசரத்தை நாம் குறை கூறவில்லை. 2023ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, கர்நாடகத்தின் கம்பளா, மகாராஷ்டிரத்தின் மாட்டுவண்டிப் பந்தயம் ஆகியவற்றுக்கான சட்டங்களோடு நம் சட்டமும் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே அந்த அவசரம் இன்று இல்லை. இனியும் நான்கு விழாக்களை ஒரே பெயரால் அழைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எருது விடும் விழா தனியொரு வகை. அதற்குத் தனி விதியும் தனிக் கவனமும் வேண்டும். இல்லையேல் எதிர்ப்பவர்கள் வரும் முன்பே நடத்துபவர்களாலேயே அது பாழாகும் என்பது நம் கருத்து.

வேறுபாடு எங்கே இருக்கிறது? வினைச்சொல்லிலேயே இருக்கிறது. கலித்தொகையின் முல்லைக்கலி காட்டுவது ஏறு தழுவுதல். தென் மாவட்டங்களில் இன்று வழங்குவது மாடு பிடித்தல். 'மாடுபிடி வீரர்' என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது. இவ்விரண்டிலும் மனிதனே எழுவாய், காளை செயப்படுபொருள். இங்கோ வினை 'விடுதல்'. மனிதன் செய்வது கயிற்றை அவிழ்ப்பது ஒன்றுதான். அதன் பின் நிகழ்வதெல்லாம் எருதின் செயல். 'விடு' என்னும் வேரிலிருந்தே 'வீடு' என்னும் சொல் பிறந்தது என்பதைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் ஒருமுறையாவது சொல்லாமல் இருப்பதில்லை. ஆண்டு முழுவதும் மூக்கணாங்கயிற்றில் இருந்த உயிருக்கு ஒரு தெருவின் நீளத்துக்கு வீடுபேறு கிடைக்கிறது. பெயர்ச்சொல்லையும் கவனிக்க வேண்டும். ஏறு என்பதும் காளை என்பதும் வீரத்தைச் சுட்டும் சொற்கள். எருது என்பது உழைப்பைச் சுட்டுவது. ஏரிலும் வண்டியிலும் பூட்டப்பட்ட மாட்டை ஒரு நாளைக்கு அவிழ்த்துவிடுவதே விழா என்று பெயரே சொல்லிவிடுகிறது.

மாவட்டத்துக்குள்ளேயே இதற்கு இரு முகங்கள் உண்டு. ஓசூர், சூளகிரிப் பக்கங்களில் கொம்புகளுக்கிடையே வண்ணத் தாளாலும் பூவாலும் அழகு செய்த தட்டிகளைக் கட்டி விடுகிறார்கள். ஓடிவரும் மாட்டின் தலையிலிருந்து அத்தட்டியைப் பறிப்பது இளைஞர்களின் வேலை. சல்லிக்காசுகளைக் கொம்பில் கட்டியதால் சல்லிக்கட்டு என்று பெயர் வந்தது என்பர். அவ்வாறாயின், அப்பெயருக்குரிய கட்டு ஓசூர்ப் பக்கத்துத் தட்டியில் இன்னும் இருக்கிறது. கிழக்கே பர்கூர், திருப்பத்தூர்ப் பக்கம் செல்லச் செல்ல, குறித்த தொலைவைக் குறைந்த விநாடிகளில் கடக்கும் காளைக்குப் பரிசு என்ற ஓட்டப்பந்தய வடிவம் மேலோங்குகிறது. இரண்டிலும் ஆள் மாட்டின் திமிலைப் பற்றித் தொங்குவதில்லை. இரண்டிலும் அவிழ்க்கும் கணமே உயிர்நிலை.

அந்தக் கணத்தை அருகிருந்து கண்டவர்களுக்குத் தெரியும். ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். தை மாதத்துக் காலையில் பனி விலகச் சற்று நேரமாகும். மஞ்சளும் குங்குமமும் பூசிய கொம்புகள், கழுத்தில் சலங்கை, முதுகில் போர்த்திய துணி. பிடித்திருப்பவர்கள் தரையில் காலூன்றிச் சாய்ந்து நிற்கிறார்கள். முதலில் கோவில் மாடு. அதை யாரும் தொடுவதில்லை. அது ஓடி முடிந்த பின்பே மற்றவை. ஒலிபெருக்கியில் மாட்டின் ஊரும் உரிமையாளரின் பெயரும் வருகின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்த கூச்சல். எல்லை தாண்டி ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்த மாடுகள் நிற்கும் இடத்தில் மொழிக்கு அதிக வேலையில்லை. கயிறு தளரும் முன்பே எருதின் தோள் நடுங்குவதைக் காணலாம். அது அச்சமா, ஆர்வமா என்று சொல்வது எளிதன்று. இவ்விழாவைப் பற்றிய வழக்குகள் எல்லாம் இறுதியில் அந்த நடுக்கத்துக்கு எப்படிப் பொருள் கொள்வது என்ற கேள்வியில்தான் வந்து நிற்கின்றன.

இதே கேள்வி உலகின் மற்றொரு மூலையில், வேறொரு பனியில் கேட்கப்படுகிறது. தமிழில் பனி என்னும் ஒரே சொல் நம் வயலின் மேல் படியும் ஈரத்துக்கும் துருவ நாடுகளில் ஆளுயரம் கொட்டிக் கிடக்கும் வெண்மைக்கும் பொதுவாக இருப்பது நல்ல வசதி. நமக்கு முன்பனி முடிந்து பின்பனி நடக்கும் மாசியில், அதாவது மார்ச்சு முதல் சனிக்கிழமையன்று, அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஐடிட்டராட் என்னும் நாய்வண்டிப் பந்தயம் தொடங்குகிறது. ஆங்கரேஜ் நகரின் பக்கத்திலிருந்து பெரிங் கடலோரத்து நோம் வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். பத்துக்கு மேற்பட்ட நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியின் பின்னே ஒற்றை ஆள் நின்று செல்கிறார். தொடக்கக் கோட்டின் காணொளிகளைப் பார்த்தால் நம் ஊர் வாசலே நினைவுக்கு வரும். நாய்கள் நின்ற இடத்தில் துள்ளுகின்றன, ஊளையிடுகின்றன, வாரைக் கடிக்கின்றன. வண்டி முன்னரே பாய்ந்துவிடாதபடி பலர் சேர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிடி விட்டவுடன் கூச்சல் அடங்கி, நாய்கள் மௌனமாக ஓடத் தொடங்குகின்றன.

ஒப்புமை வெளித்தோற்றத்தோடு நிற்கவில்லை. 1925ஆம் ஆண்டு சனவரியில் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, மருந்தை நெனானா என்னும் ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தொலைவு நாய்வண்டிகளே கொண்டுசேர்த்தன. 20 வண்டியோட்டிகள், 150 அளவிலான நாய்கள், ஐந்தரை நாட்கள். கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்டோவுக்குச் சிலை கிடைத்தது. மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியைக் கடந்த டோகோவுக்கு உரிய புகழ் பிற்பாடுதான் வந்தது. பின்னர் பனியில் ஓடும் மோட்டார் வண்டிகள் வந்தன. நாய்கள் வேலையிழந்தன. அவ்வினமும் அவ்வித்தையும் அழிந்துவிடும் என்று அஞ்சிய ஜோ ரெடிங்டன் முதலியோர் 1973இல் இந்த நெடும்பந்தயத்தைத் தொடங்கினர். வேலை போன விலங்கை விளையாட்டு காப்பாற்றியது.

நம் கதையும் அதுவே. டிராக்டர் வந்தது, ஏர் போனது. சரக்குந்து வந்தது; பார வண்டி போனது. ஓசூரில் சிப்காட் வளாகங்கள் எழுந்தபின் மேய்ச்சல் நிலமும் சுருங்கியது. ஒரு காலத்தில் இந்த மேட்டுநிலம் மாட்டுக்குப் பேர்போனது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் உள்ள அரசுக் கால்நடைப் பண்ணை, கும்பினியார் காலத்தில் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கப்பட்டுப் பின்னர் மாடுகளுக்கானது. காவிரிக்கரை ஆலம்பாடியின் பெயரால் ஓர் இனமே அறியப்பட்டது. அல்லிகார் இனம் கர்நாடகத்தின் தென்பகுதிக்கும் நமக்கும் பொதுச்சொத்து. உழவும் பாரமும் இல்லாத இன்றைய நாளில் ஓர் உழவர் ஆண் கன்றை விற்காமல் வைத்துக்கொள்ள என்ன காரணம் உண்டு? பால் தராது, ஏர் இழுக்காது. தையும் மாசியும் வரும் என்ற எதிர்பார்ப்பு ஒன்றுதான் காரணம். விழாவை முற்றிலும் நிறுத்திவிடச் சொல்பவர்கள் இந்தக் கேள்விக்கு விடை தேடியாக வேண்டும்.

ஆனால் விழாவை நடத்துபவர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அதை 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் எழுப்பியது. சூளகிரியை அடுத்த கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி வரத் தாமதமானது. மாடுகள் வந்துவிட்டன, கூட்டமும் வந்துவிட்டது. கூட்டம் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது. பேருந்துகள்மீது கற்கள் விழுந்தன. காவலர்கள் தடியடி நடத்தினர். கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீச்சலும் வந்தன. நாட்டின் மிக நெருக்கடியான சாலைகளுள் ஒன்று மணிக்கணக்கில் நின்றது. அதில் சிக்கியவர்களுள் நோயாளிகளும், வேலை முறைக்குச் சென்றுகொண்டிருந்த தொழிலாளர்களும், சுமையுந்து ஓட்டுநர்களும் இருந்திருப்பார்கள். விழாவின் மீது அதுவரை வெறுப்போ விருப்போ இல்லாதிருந்த பலர் அன்று அதை வெறுக்கத் தொடங்கியிருப்பார்கள்.

அன்று கல்லெறிந்தவர்களை எவ்விதத்திலும் நியாயப்படுத்த இயலாது. அதே வேளையில் மாடுகளும் மக்களும் வந்து நின்றபின் அனுமதியைப் பற்றி யோசிக்கும் முறையையும் நியாயப்படுத்த இயலாது. விழா நாள் திடீரென்று முளைப்பதில்லை. எந்த ஊரில் எந்த வாரம் என்பது ஊராருக்கும் தெரியும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தெரியும். மார்கழி முடியும் முன்பே மாவட்ட நாட்காட்டி ஒன்றை வெளியிட்டு, விண்ணப்பத்துக்கு இத்தனை நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் விடை தர வேண்டும் என்று விதித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். 'இல்லை' என்பதும் ஒரு விடைதான். காலத்தில் வந்தால் அதை ஏற்க மக்கள் பழகிக்கொள்வார்கள். கூட்டத்தின் முன்னே வரும் 'இல்லை'யைத்தான் யாரும் ஏற்பதில்லை.

மீதிப் பாதிச் சிக்கல் இடத்தைப் பற்றியது. ஜல்லிக்கட்டு வாடிவாசலும் திடலும் கொண்ட விழா. மாடு ஓரிடத்தில் வெளிப்பட்டு ஓரிடத்தில் பிடிபடுகிறது. எருது விடும் விழா தெருவில் நடப்பது. ஊர் சிறிதாக இருந்தபோது தெருவின் மறுமுனையில் வயல் இருந்தது. இன்று மறுமுனையில் பணியாளர் குடியிருப்பும் தொழிற்சாலைச் சுவரும் நெடுஞ்சாலையும் இருக்கின்றன. முன்பு பார்த்தவர்கள் அந்த மாட்டை அறிந்தவர்கள். அது எப்பக்கம் திரும்பும் என்று தெரிந்தவர்கள். இன்று பக்கத்து மாநிலத்து மாடும் வருகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்து விடுமுறை நாளில் வேடிக்கை பார்க்கும் இளைஞர்களும் வருகிறார்கள். மாடு முட்டிப் பார்வையாளர் மாண்ட செய்திகள் ஓயாமல் வந்துகொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். மாடுபிடிப்பவர் தாமே விரும்பி இறங்கும் ஆபத்து வேறு; தெருவோரம் நின்றவர் எதிர்பாராமல் மாள்வது வேறு. ஒரே விதித்தொகுப்பு இரண்டுக்கும் பொருந்தாது.

இங்கேதான் அலாஸ்காவின் ஏற்பாடு ஒன்று நமக்குப் பயன்படும். அங்கே தொடக்கம் இரண்டு முறை நிகழ்கிறது. சனிக்கிழமை ஆங்கரேஜ் நகரின் நடுத்தெருவில் சடங்குத் தொடக்கம். குழந்தைகள் கைதட்ட, நாய்கள் 18 கிலோமீட்டர் அளவுக்கு நிதானமாக ஓடுகின்றன. அந்த ஓட்டம் கணக்கில் சேராது. மறுநாள் நகரத்துக்கு வெளியே வில்லோ என்னும் சிற்றூரில் உண்மையான தொடக்கம். கடிகாரம் அங்கேதான் ஓடத் தொடங்குகிறது. விழாவும் போட்டியும் தனித்தனி நாளிலும் இடத்திலும் நடக்கின்றன. பனி குறைந்த ஆண்டுகளில் ஏற்பாட்டை மாற்றவும் அவர்கள் தயங்குவதில்லை. 2016இல் ஆங்கரேஜ் தெருவுக்கு ரயிலில் பனி கொண்டுவந்து கொட்டினார்கள். 2003, 2015, 2017, 2025 ஆண்டுகளில் உண்மைத் தொடக்கத்தை வடக்கே ஃபேர்பேங்ஸுக்கே மாற்றிக்கொண்டார்கள். இடம் மாறியதால் மரபு போய்விட்டது என்று அங்கே எவரும் சாலையை மறித்ததாகத் தெரியவில்லை.

நம் விழாவிலும் இந்த இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. பிரித்துப் பார்க்கத்தான் நாம் பழகவில்லை. கோவில் மாட்டை விடுவது சடங்கு. அதையும் ஊரின் சொந்த மாடுகளையும் ஊர்த் தெருவிலேயே, பரிசோ விநாடிக் கணக்கோ இன்றி, ஊராரை மட்டும் வைத்து விடலாம். பைக்கும் பணமும் பரிசாகக் கிடைக்கும் போட்டியை, வெளியூர் மாடுகள் வரும் போட்டியை, நெடுஞ்சாலையிலிருந்து விலகிய திறந்த நிலத்தில், இருபுறமும் உறுதியான இரட்டைத் தடுப்புகளோடு நடத்தலாம். வட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று இடங்களை நிலையாக ஒதுக்கினால் போதும். ஒவ்வோர் ஊருக்கும் தன் சாமிக்கு முன்னே தன் எருதை அவிழ்க்கும் உரிமை இருக்கும்; பேரளவுப் போட்டிக்கான பொறுப்பை ஒவ்வோர் ஊரும் சுமக்க வேண்டியிருக்காது.

இரண்டாவதாக நாம் கற்க வேண்டியது, அவிழ்த்ததற்குப் பின் என்ன என்பதை. நாய்வண்டிப் பந்தயத்தில் புறப்படும் முன் நாய்களுக்கு இரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் உண்டு. வழியில் ஒரு முறை 24 மணி நேரமும், இரு முறை 8 மணி நேரமும் கட்டாய ஓய்வு. இரண்டிரண்டு நிமிட இடைவெளியில் புறப்பட்டவர்களின் நேர வேறுபாட்டைக்கூட அந்த 24 மணி ஓய்வில்தான் சரிசெய்கிறார்கள். தங்குமிடம் தோறும் கால்நடை மருத்துவர் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார். ஓடக்கூடாத நாய் விமானத்தில் திரும்புகிறது. இத்தனையும் இருந்தும் 2024ஆம் ஆண்டுப் பந்தயத்தில் மூன்று நாய்கள் மாண்டன. விலங்குநல அமைப்புகளின் எதிர்ப்பால் பெரிய நிறுவனங்கள் சில ஆதரவை விலக்கிக்கொண்டன. இத்தனை கவனத்துக்கும் இதுதான் நிலை என்றால், நம் நிலை என்ன? இங்கே புறப்படும் முன் மருத்துவர் பார்ப்பது விதியில் இருக்கிறது. ஓடி முடித்த எருதைப் பார்ப்பவர் யார்? கோட்டைத் தாண்டியவுடன் கூட்டத்தின் கண் அடுத்த மாட்டின் மேல் போய்விடுகிறது. தாண்டியது வயலுக்குள் போகிறதா, கிணற்று மேட்டுக்குப் போகிறதா, சாலைக்குப் போகிறதா என்பது உரிமையாளரின் கவலையாக மட்டும் எஞ்சுகிறது. ஓட்டத்தின் முடிவில் மூடிய தொழுவமும் நிழலும் தண்ணீரும் ஒரு மருத்துவரும் இருந்தாக வேண்டும். வழியில் கோல் கொண்டு அடிப்பவரையும் வாலை முறுக்குபவரையும் கண்டால் அந்த ஓட்டத்தை அங்கேயே நிறுத்தும் அதிகாரம் நடுவருக்கு வேண்டும்.

விலங்கை வதைக்கும் எந்த மரபும் மரபென்ற காரணத்தால் மட்டும் நிலைக்க முடியாது என்ற வாதத்தை நாம் மதிக்கிறோம். 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கு எதிராக அளித்த தீர்ப்பின் உள்ளீடு அதுவே. 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்த முடிவை மாற்றியதே அன்றி, விலங்கின் துன்பம் பொருட்டல்ல என்று சொல்லிவிடவில்லை. சட்டமும் விதியும் துன்பத்தைக் கணிசமாகக் குறைக்கின்றன என்ற அடிப்படையிலேயே விழாக்கள் இன்று நிற்கின்றன. விதி ஏட்டில் மட்டும் இருக்குமானால் அடிப்படையும் ஏட்டில் மட்டுமே இருக்கும். வென்றுவிட்டோம் என்று மார்தட்டுவோர் இதை மறக்கலாகாது.

இலக்கிய வாசகர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. தென்னாட்டு விழாவுக்குச் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' இருக்கிறது. மதுரைப் பக்கமே வராதவர்களுக்கும் அந்தத் திடலின் மண் தெரியும். நம் வடவெல்லையின் எருது விடும் விழாவுக்கு அப்படி நிலைத்த ஓர் எழுத்து இல்லை. இல்லாததால்தான் நாளிதழும் சட்டமும் அதை வேறொரு பெயரால் அழைத்துவிட்டுக் கடந்துபோக முடிகிறது. இத்தனைக்கும் இந்த நிலம் விலங்கை எழுத்தில் வைத்த நிலம். கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் பகுதிகள் நடுகற்களுக்குப் பெயர்பெற்றவை. தொல்காப்பியம் வெட்சி என்றும் கரந்தை என்றும் வகுத்தவற்றின் கல்வடிவங்கள் அவை. நிரை கவர்ந்தவனுக்கும் நிரை மீட்டவனுக்கும் கல் நட்டார்கள். செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு ஒரு நாயும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு சொல்கிறது. பால்டோவுக்குச் சிலை வைக்கப்படுவதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே யாரோ ஒருவர் ஒரு நாயின் பெயர் மறக்கப்படலாகாது என்று கல்லில் வெட்டினார்.

ஆகவே நம் கோரிக்கைகள் பெரியவை அல்ல. எருது விடும் விழாவைச் சட்டத்தில் தனியே வரையறுத்து, தெருவோட்டத்துக்கு ஏற்ற தனி விதிகளை எழுதுங்கள். நாட்காட்டியை மார்கழிக்குள் வெளியிடுங்கள். சடங்கை ஊரிலும் போட்டியைத் திறந்த நிலத்திலும் வையுங்கள். ஓட்டத்தின் முடிவிலும் ஒரு மருத்துவரை நிறுத்துங்கள். எழுதத் தெரிந்தவர்கள் அடுத்த தையில் ஒரு நாள் இப்பக்கம் வந்து, தடுப்புக்கு வெளியே நின்று, எந்த ஊர் எருது, என்ன பெயர், எப்படி ஓடியது, ஓடியபின் எங்கே போனது என்று எழுதி வையுங்கள். முதல் நான்கும் அரசும் ஊராரும் செய்ய வேண்டியவை. கடைசி ஒன்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.